படுத்துக்கொண்டு பார்த்த மாநாடு

எங்கள் கட்சியின் மாநில மாநாட்டுக்குத் தேதி அறிவித்த அன்று, எந்த ஊரில் என்று நான் கேட்கவில்லை. யார் யார் பேசுகிறார்கள் என்றும் கேட்கவில்லை. என்ன கிழமை என்றுதான் கேட்டேன். சனிக்கிழமை என்றார்கள். எனக்கு முகம் விழுந்துவிட்டது.

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் இந்த மூன்று நாளும் மதியத்துக்கு மேல் தேனியில் ஒரு மருத்துவமனையில் எனக்கு டயாலிசிஸ். சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்ட பிறகு, என் வாரத்தை அந்த இயந்திரம்தான் நடத்துகிறது. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர் எங்களுடையது. கொஞ்சம் திராட்சைப் பந்தல், வரப்போரம் தென்னை, வாய்க்கால் ஓரம் வாழை. நோய் தெரிந்த அன்று மருத்துவர், "இளநீர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, திராட்சையும் ரெண்டு மூணு பழத்தோட நிறுத்திக்கங்க, தண்ணியே அளந்துதான் குடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே போனார். பக்கத்தில் நின்ற என் மனைவி, "அப்ப எங்க தோட்டத்துல இவுகளுக்கு நெழலு மட்டுந்தான் மிச்சம்" என்றாள். மருத்துவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் எங்கள் ஊரில் கிளைச் செயலாளர். வெளியூர்க்காரர்கள் இதைப் பெரிய பதவி என்று நினைத்துவிடக் கூடாது. கொடிக்கம்பத்துக்கு வர்ணம் அடிக்க ஆள் பிடிப்பது, கட்சிக்காரர் வீட்டில் துக்கம் என்றால் மாலையோடு முதல் ஆளாகப் போய் நிற்பது, தேர்தல் வந்தால் செருப்புத் தேயத் தெருத் தெருவாக நடப்பது, இவ்வளவுதான் வேலை. ஆனால் மாநாடு என்றால் நான் வேறு ஆள். எங்கள் கிளையிலிருந்து கிளம்பும் வேனில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. கட்சியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மாநாட்டையும் நான் தவறவிட்டதில்லை. மகள் பிறந்த செய்தியைக்கூட ஒரு மாநாட்டுப் பந்தலில் நின்றுதான் கேட்டேன்.

மருத்துவரிடம் கேட்டுப் பார்த்தேன். டயாலிசிஸை வெள்ளிக்கிழமையே முடித்துக்கொண்டு போய்விட்டு வரலாமா என்றேன். வெயில், கூட்டம், தூசி, ராத்திரிப் பயணம், பக்கத்தில் அவசரத்துக்கு மருத்துவமனை இருக்குமோ இருக்காதோ என்று அவர் வரிசையாகச் சொல்லிவிட்டு, "டிவியில எல்லாச் சேனல்லயும் காட்டுவாங்களே. நல்லா உக்காந்து பாருங்க" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அது, கல்யாணத்துக்கு வர வேண்டாம், போட்டோ அனுப்புகிறோம் என்று சொன்ன மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, யார் என்ன சொன்னாலும் போவது என்று முடிவெடுத்து மனைவியிடம் சொன்னேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். கட்சி என்றாலே அவளுக்கு ஆகாது. எந்தக் கட்சியும் ஆகாது. மழைக்காலத்தில் காயாத கரை வேட்டியை வீட்டுக்குள் கட்டிய கொடியில் பார்த்தாலே, ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தன் சேலையைப் போடுவாள். ஆனால் அன்று அவள் சத்தம் போடவில்லை. குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போங்க. நான் வேணாம்னு சொல்லல. என்னையும் வண்டியில ஏத்திக்கங்க. வழியில எதுவும் ஆச்சுன்னா பாக்க ஆளு வேணும்ல."

"வேன்ல அம்புட்டும் ஆம்பளைக. நீ எங்கிட்டு ஒக்காருவ?"

"ஒங்க பக்கத்துலதான். டிரைவர் பக்கத்துச் சீட்டு ஒங்களுக்குத்தான்னு பெருமையாச் சொல்லுவீகள்ல, அதுல பாதியக் குடுங்க."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வந்துவிடுவாள் என்று தெரிந்தது. முட்டிவலியோடு, விடிய விடிய ஒரு வேனில், தனக்குப் பிடிக்காத ஒரு கட்சியின் கொடிக்குக் கீழே எனக்காக உட்கார்ந்து வருவாள். அதை மனதில் ஓட்டிப் பார்த்ததும் என் பிடிவாதம் கரைந்துவிட்டது. "சரி, போகல" என்றேன். அவள் மறுபடி கரண்டியை எடுத்துக் குழம்பு ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேன் கிளம்பியது. நான் போய்க் கொடியசைத்து அனுப்பினேன். என் இருக்கையில் யாரும் உட்காரவில்லை. என் துண்டை மடித்து அதில் வைத்திருந்தார்கள். "அண்ணே, அங்கன போயி ஒங்களுக்கு வீடியோ கால் போடுறோம்" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார்கள். வேன் சின்னமனூர்ப் பக்கம் திரும்பி மறையும்வரை சாலையில் நின்றிருந்தேன். ஆடி மாதக் காற்று, ஊதித் தள்ளியது. கண்ணில் தூசி விழுந்தது என்று சொன்னால் யாரும் நம்பியிருப்பார்கள், சொல்வதற்குத்தான் பக்கத்தில் யாரும் இல்லை.

மறுநாள் தேனிக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், கட்டிலின் மேல் என் கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் இஸ்திரி போட்டு வைத்திருந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தண்ணீர் பாட்டிலைத் துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆசுபத்திரிக்கு இதையா கட்டிக்கிட்டுப் போறது?" என்றேன்.

"மாநாட்டுக்கு வேற எதைக் கட்டுவீக?"

 கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டயாலிசிஸ் வார்டில் என் பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பழனிசெட்டிபட்டிக்காரர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவரும் வாழ்நாள் முழுக்க ஒரு கட்சிக்காரர்தான். ஆனால் எங்கள் கட்சிக்கு நேர் எதிர்க் கட்சி. முதல் நாள் என் சட்டைப் பையில் தலைவர் படத்தைப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், எனக்கு வேற பெட்டு குடுங்க" என்றார். வேறு கட்டில் காலி இல்லை. அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், நானும் அவரும் கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு சண்டை போடுவோம். வைகைத் தண்ணீரிலிருந்து ரேஷன் அரிசிவரை எதையும் விட்டுவைத்ததில்லை. அவர் என்னைச் 'செயலாளர்' என்று இழுத்து இழுத்துக் கூப்பிடுவார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் ஒரு நாள் வராவிட்டால் இயந்திரம் ஓடுகிற சத்தம் எனக்குத் தாங்காது.

அன்று என் வேட்டியைப் பார்த்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஐயோ, கரைய மறைய்யா. எனக்குப் பிரஷர் ஏறுது" என்றார். ஊசி போட வந்த நர்ஸ் பெண், "என்னங்கப்பா, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாள். என் மனைவிதான் பதில் சொன்னாள். "இவுக கட்சி மாநாடும்மா. போக முடியல. அந்த டிவியில கொஞ்சம் போட முடியுமா?"

என் மனைவி அப்படிக் கேட்டதே எனக்கு அதிசயம். ஆனால் நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். அந்த வார்டில் செய்திச் சேனல் போடக் கூடாது என்று ஒரு உத்தரவு இருந்தது. எப்போதோ உடன் வந்தவர்களுக்குள் செய்தி பார்த்துக் கைகலப்பாகி, அன்றிலிருந்து பழைய பாட்டும் காமெடியும்தான். ரிமோட் நர்ஸ் மேசையின் இழுப்பறைக்குள் இருக்கும்.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. யாராச்சும் ஏதாச்சும் சொல்லிட்டா என்னையத்தான் கேப்பாங்க" என்று அவள் தயங்கினாள்.

"யாரு சொல்லுவா?" என்றார் கண்டக்டர். "இந்த வார்டுல இந்தாளுக்கு எதிரி நான் ஒருத்தன்தான். நானே சொல்றேன், போடும்மா. மனுசன் வேட்டியெல்லாம் கட்டிக்கிட்டு வந்திருக்காரு."

"நீங்க சும்மா இருப்பீங்களா? டெய்லி நீங்க ரெண்டு பேரும் போடுற சத்தமே தாங்கல."

"இன்னைக்கு ஒரு நாளு வாயே தொறக்க மாட்டேன். சத்தியம். வேணும்னா பிளாஸ்திரி ஒட்டிக்க."

அவள் சிரித்துக்கொண்டே போய் இழுப்பறையைத் திறந்தாள்.

அத்தனை வருடத்தில் ஒரு மாநாட்டையும் நான் தொலைக்காட்சியில் பார்த்ததில்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும், நான்தான் அதற்குள்ளே இருந்தேனே. திரையில் மேலேயிருந்து காட்டினார்கள். சாலை தெரியாமல் தலைகள். வெயிலுக்கு நாற்காலியைக் கவிழ்த்துத் தலையில் பிடித்துக்கொண்டு ஆயிரம் ஆயிரம் பேர். அதற்குள் எங்காவது எங்கள் வேன்காரர்கள் தெரிவார்களா என்று கண்ணை இடுக்கிப் பார்த்தேன். வயலில் விழுந்த நெல்மணியைத் தேடுகிற மாதிரிதான்.

மனைவிக்கு இயந்திரத்தின் குழாயில் ஓடும் ரத்தத்தைப் பார்க்க முடியாது. வழக்கமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அன்று அவளும் திரையைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கேள்வி கேட்டாள்.

"இம்புட்டுப் பேருக்கும் சோறு யாரு போடுவா?"

"அவுகவுக வண்டியிலயே கட்டிக்கிட்டு வந்துருவாக. சில மாவட்டத்துக்காரக அங்கனயே அடுப்பு மூட்டிருவாக."

"பொம்பளையாளுக அவசரத்துக்கு எங்கன போவாக?"

 அத்தனை மாநாட்டுக்குப் போயும் எனக்குத் தெரியவில்லை.

"தெரியாதாக்கும்" என்றாள். பிறகு, "ராத்திரி எங்க படுப்பீக?" என்று கேட்டாள்.

"துண்ட விரிச்சு அப்பிடியே. ஒரு தடவ மழை வந்துருச்சு. கொடித் துணிய நாலு பேரு புடிச்சுக்கிட்டு அதுக்குக் கீழ விடிய விடிய ஒக்காந்திருந்தோம்."

"எங்கிட்டச் சொல்லவே இல்ல."

"நீ கேக்கலயே."

"அதுவும் சரிதான்" என்றாள்.

தீர்மானங்களைப் படித்தார்கள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கூட்டம் கையைத் தூக்கியது. நானும் ஊசி இல்லாத வலது கையைத் தூக்கினேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு கனைப்புச் சத்தம் வந்தது. பார்த்தால் கண்டக்டர் வாய்மேல் விரலை வைத்துக்கொண்டு, கண்ணால் சிரித்துக்கொண்டிருந்தார்.

தலைவர் மேடைக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கூட்டம் ஒலிபெருக்கிக் கம்பங்களின் மேல் ஏற ஆரம்பித்தது. தலைவர் மைக்கைப் பிடித்து முதலில் அதைத்தான் சொன்னார். "அருமைத் தம்பிகளே, கம்பத்தை விட்டு இறங்குங்கள். தயவுசெய்து கம்பத்தை விட்டு இறங்குங்கள்."

கண்டக்டரால் தாங்க முடியவில்லை. "கம்பத்தை விட்டு எறங்குனா அடுத்த ஸ்டாப்பு கூடலூருதான். விசில் அடிச்சிரவா?" என்றார்.

வார்டு முழுக்கச் சிரித்தது. கம்பம் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்தத் தடத்தில் இருபது முப்பது வருடம் பயணச்சீட்டுக் கிழித்தவர் அவர். எனக்கும் ஊசிக்கை ஆடுமளவுக்குச் சிரிப்பு வந்தது. நர்ஸ், "அப்பா, சத்தியம் என்னாச்சு?" என்றாள். "அது போன டிரிப்பு. இனிமே பேசல" என்று அவர் மறுபடி வாய்மேல் விரலை வைத்துக்கொண்டார்.

பிறகு திரையில் தலைவரின் முகத்தை மட்டும் காட்டினார்கள்.

இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மாநாட்டில் எங்களைப் போன்றவர்களுக்குத் தலைவர் என்றால் தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாகத் தெரிவார். குரல் மட்டும் நம் தலைக்கு மேல் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து வரும். அந்தப் புள்ளியையும் குரலையும் சேர்த்து நாங்களே ஒரு ஆளைச் செய்துகொள்வோம். நான் செய்து வைத்திருந்தவர் வயதாகாதவர். சுவரொட்டியிலும் அவருக்கு வயதானதில்லை. அன்று அந்தப் படுக்கையில் கிடந்துதான் அவரை முதல்முறையாக அருகில் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே தோல் தொங்கியிருந்தது. காகிதத்தைப் பிடித்திருந்த கை லேசாக நடுங்கியது. நடுக்கம் தெரியாமல் இருக்க அவர் அந்தக் கையை மேசையில் ஊன்றிக்கொண்டார். என் மனைவியும் கவனித்திருக்கிறாள். "பாவம், முடியல போல. ஒக்காந்து பேசச் சொல்லக் கூடாதா?" என்றாள். தலைவரைப் பற்றி அவள் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

நடுவில் அவர் பேச்சை நிறுத்தித் தண்ணீர் குடித்தார். ஒரு டம்ளர் முழுதாகக் குடித்தார். டயாலிசிஸ்காரர்களுக்கு அது எப்படிப்பட்ட காட்சி என்று மற்றவர்களுக்குப் புரியாது. வார்டில் நாங்கள் அத்தனை பேரும் அந்தத் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்தோம். கட்சி வித்தியாசம் இல்லாமல் பார்த்தோம். என் மனைவி பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி என் உதட்டில் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் தலைவர் எதிர்க் கட்சியைப் பிடித்தார். அதாவது, கண்டக்டரின் கட்சியை. மாநாட்டுப் பந்தலில் நின்று கேட்டால் அந்தப் பகுதிதான் எங்களுக்குக் கறிச்சோறு. விசிலடித்துக் கேட்போம். ஆனால் திட்டு வாங்குகிற கட்சிக்காரர் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும்போது அது வேறு மாதிரி காதில் விழுகிறது. அவருடைய தலைவரைப் பேர் சொல்லித் திட்டியதும் எனக்குக் கூசியது. மனைவியிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல் என்று சைகை செய்தேன். அவள் எழுந்து நர்ஸிடம் போனாள்.

"ஏ, கொறைக்காத" என்றார் கண்டக்டர். "வையட்டும். இந்தாளு வையுறதக் கேக்கத்தான் நான் தூங்காமக் கெடக்கேன்."

"இல்லண்ணே, எதுக்கு..."

"எங்க மாநாட்டுல ஒங்காள வையும்போது நான் என்ன கொறைக்கவா போறேன்? கேளுய்யா. இதுக்குத்தான வந்த."

சத்தம் அப்படியே இருந்தது. தலைவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு போனார். கண்டக்டர் பேசவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தலைவர், அவர்கள் கட்சி கொண்டுவந்த ஒரு பஸ் திட்டத்தைக் கிண்டல் செய்தார். அந்தத் திட்டம் கண்டக்டருக்கு உயிர். அதைப் பற்றி யாராவது ஒரு சொல் தப்பாகச் சொன்னால் இயந்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிடுவார் என்று நாங்கள் பயப்படுவோம். அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தையாவது வரும் என்று காத்திருந்தேன். கனைப்புகூட வரவில்லை.

கூட்டம் சிரித்தது. தலைவர் அதையே இன்னொரு முறை, இன்னும் காரமாகச் சொன்னார். பக்கத்தில் சத்தமே இல்லை.

இது அவர் இல்லையே என்று எனக்குத் தோன்றியது. தலையைத் திருப்பினேன். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இயந்திரம் மறைத்தது. கொஞ்சம் எம்பிப் பார்த்தேன். தாடை நெஞ்சில் படிந்திருந்தது. நெற்றி முழுக்க வேர்வை. அந்த ஏசிக் குளிரில் வேர்வை.

"அண்ணே" என்றேன். அசையவில்லை.

"சிஸ்டர்!" என்று நான் கத்திய கத்தலில் என் இயந்திரமே அலறியது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். நர்ஸ் ஓடி வந்தாள். டெக்னீசியன் வந்து கட்டிலின் கால்பக்கத்தைத் தூக்கினார். பிரஷர் ரொம்பவே இறங்கியிருந்தது. அடுத்த முறை இயந்திரம் தானாகப் பிரஷர் பார்க்க இன்னும் நேரம் இருந்ததாம். சலைன் ஏற்றினார்கள். மருத்துவரைக் கூப்பிட்டார்கள். கண்டக்டரின் மகன் மதியம் அவரை விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தான். கூட யாரும் இல்லை. என் மனைவி யாரும் சொல்லாமலே போய் அவருடைய பாதத்தைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். பாதம் சில்லென்று இருந்திருக்கிறது. தன் சேலை முந்தானையால் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, "அண்ணே, இங்க பாருங்க. அண்ணே, கண்ணத் தொறங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் எழ முடியாது. ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. எட்டாத தூரமும் இல்லை, தொடுகிற தூரமும் இல்லை. குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். குச்சனூர்ச் சனீஸ்வரனைக் கூப்பிட்டேன். எதிர்ச் சுவரில் இருந்த டிவியில் கைதட்டலும் கோஷமும் மாறி மாறிக் கேட்டன. ஒரு கட்டத்தில் கூட்டம் இடி இடித்த மாதிரி ஆர்ப்பரித்தது. ஏதோ பெரிய அறிவிப்பு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்பதை.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். பிறகு காலடியில் என் மனைவியைப் பார்த்தார். கையை அசைத்து வேண்டாம் வேண்டாம் என்றார். அவள் விடவில்லை. மருத்துவர் இரண்டு கேள்வி கேட்டார், பதில் வந்தது. எல்லோரும் மூச்சு விட்டோம். நர்ஸ் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

அவர் மெல்லத் தலையை என் பக்கம் திருப்பினார்.

"முடிஞ்சிருச்சா?"

"எதுண்ணே?"

"ஒங்காளு பேச்சு."

அப்போதுதான் டிவியைப் பார்த்தேன். மேடை காலியாகிக்கொண்டிருந்தது. ஏதோ விளம்பரம் வந்தது.

"முடிஞ்சிருச்சு போல."

"கடைசியா என்னமோ பெருசாச் சொல்லப் போறாருன்னு காலையில இருந்து போட்டுக்கிட்டே இருந்தானே. என்ன சொன்னாரு?"

"தெரியலண்ணே."

"தெரியலயா? அங்கனதான இருந்த."

"நான் ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் என்னையே பார்த்தார்.  "கிறுக்குப் புடிச்ச ஆளுய்யா நீ. வேட்டியெல்லாம் கட்டிக்கிட்டு வந்து..." என்றார். முடிக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. என் மனைவி போர்வையை இழுத்து அவர் கழுத்துவரை மூடிவிட்டாள்.

நர்ஸ் வந்து ஊசியை எடுக்கும்போது கேட்டாள். "அவங்க மயங்கினது எங்களுக்கே தெரியல. நீங்க எப்பிடிப்பா கண்டுபிடிச்சீங்க?"

"எங்க தலைவரு அந்த பஸ்ஸப் பத்திப் பேசுனாரும்மா. அதுக்கு இவரு வையல. அப்பவே எனக்குச் சந்தேகம்."

அவரை அன்று ராத்திரி அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. மகன் பதறி ஓடி வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்டக்டர் படுத்தபடியே, "ஏலே, அந்தக் கைய ரொம்பப் புடிக்காத. ஊசி போட்ட கை" என்று அவனை அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கிளம்ப மனம் வந்தது.

உத்தமபாளையம் பஸ்ஸில் ஏறினோம். வீரபாண்டி தாண்டியதும் ஜன்னல் வழியாகக் காற்று அடித்தது. அவள் என் வேட்டிக் கரையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரித் துண்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டே, "ஒங்க தலைவருக்குச் சக்கர இருக்கும்ங்க. அந்தக் கை நடுக்கம் அதுதான். எங்கக்காளுக்கு இப்பிடித்தான் இருந்துச்சு" என்றாள். கட்சி ஆபீஸில் சொல்லி நல்ல மருத்துவரைப் பார்க்கச் சொல்லலாமா என்றும் கேட்டாள். அவர் பக்கத்தில் ஆயிரம் மருத்துவர்கள் இருப்பார்கள் என்றேன். "இருந்தா மட்டும்? சொல்றத கேக்கணும்ல. நீங்க கேக்குறீகளா?" என்றாள். சரிதான் என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன்காரர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தலையெல்லாம் புழுதி. கண் சிவந்திருந்தது. அவர்களைப் பார்த்ததும் எனக்கு ஆற்றாமை பொங்கியது. "எப்பிடி இருந்துச்சுப்பா? தலைவரு கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாநாட்டுத் திடலுக்கு வெகு தூரம் முன்னாலேயே வண்டிகள் நின்றுவிட்டனவாம். முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. சாலையிலேயே உட்கார்ந்து ஒரு போனில் பத்துப் பேர் தலைவர் பேச்சைப் பார்த்திருக்கிறார்கள். பாதியில் அதுவும் நின்றுவிட்டது. எனக்கு வீடியோ கால் வராததன் காரணம் அப்போதுதான் தெரிந்தது.

"ஒங்களத்தாண்ணே கேக்கலாம்னு வந்தோம். நீங்கதான் ஹாயாப் படுத்துக்கிட்டுப் பாத்திருப்பீகள்ல" என்றார் ஒருவர்.

நானும் பார்க்கவில்லை, ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அசந்து தூங்கிவிட்டேன் என்று சொன்னதும் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கடைசியில், தலைவர் என்ன அறிவித்தார் என்பதை எங்கள் கிளை முழுவதும் என் வீட்டு நடையில் நின்று பேப்பரில்தான் படித்தோம். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டு எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

என் மனைவி எல்லோருக்கும் காபி கொடுத்தாள். வழக்கமாகக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அன்று தட்டைப் பிடித்தபடியே கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ஏப்பா, அங்கன பொம்பளையாளுகளுக்குத் தனியா எடம் கட்டி விட்டிருந்தாகளா?"

"எதுக்குங்க மதினி?"

"எதுக்கா? நீங்கள்லாம் மரத்தப் பாத்து நின்னுக்கிருவீக. அவுக என்ன செய்வாக? டிவியில அம்புட்டுப் பொம்பளையாளுகளப் பாத்தேன். ஒருத்தி முகத்துலயும் தண்ணி குடிச்ச தெம்பு இல்ல. ஏன்னு எனக்குத்தான் தெரியும். ஒரு தீர்மானத்துலயும் அதச் சொல்லலையே."

 நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் எந்தக் கிளைக் கூட்டத்திலும் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

"மேல எழுதிப் போடுவோம் மதினி" என்றார் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டே.

"போடுங்க. எம் பேரப் போட்டே போடுங்க" என்று சொல்லிவிட்டுக் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் கண்டக்டர் வீட்டுக்குப் போன் செய்தேன். மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அவர் மனைவிதான் எடுத்தார்கள். நான் யார் என்று சொன்னதும் அவர்கள் அழுதுவிட்டார்கள். கொஞ்ச நேரம் அழ விட்டேன். பிறகு, "இப்ப எப்பிடி இருக்காக?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்காகண்ணே. இப்பத்தான் ரெண்டு இட்லி சாப்பிட்டாக. டிவியில ஒங்க தலைவரு பேச்சத் திருப்பிப் போடுறானாம். கடைசி வரைக்கும் பாத்து, செவ்வாக்கெழம ஒங்களுக்கு ஒண்ணு விடாமச் சொல்லணும்னு ஒக்காந்திருக்காக."

பின்னால் அவர் குரல் கேட்டது. எங்கள் தலைவரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தார். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.